இரண்டாவது துணியும் ஏழாவது துணியும்

“இது எப்போ நிக்கறதுன்னு உன்னால சொல்ல முடியுமா?”

ஸுபத்ரா அக்கா என்னிடம் இப்படித்தான் கேட்டார். அதற்கு முன்னால் பெயரும் வகுப்பும் கேட்டிருந்தார். அவற்றுக்கு அம்மாவே பதில் சொல்லிவிட்டாள். “தில்லையம்மாள்னு பேரு. ஒம்பதாவதோட நின்னுட்டா. வாய் தொறக்க மாட்டா. ஆனா வேலை சுத்தமா செய்வா.” இந்தக் கேள்விக்கு மட்டும் அம்மாவிடம் பதில் இல்லை. சீமந்தப் புடவைக்குக் குஞ்சம் கட்டிக் கொண்டுவந்த பையை மடித்தபடி என்னைப் பார்த்தாள்.

அக்காவின் மடியில் வளைந்த தகடு ஒன்று கிடந்தது. கூரை ஓடு ஒன்றைவிடக் கொஞ்சம் அகலம். பச்சையும் வெள்ளையும் கலந்த, பாசி படிந்த குளத்து நீரின் நிறம். அதன் ஓரத்தை நகத்தால் சுண்டிவிட்டு, “விரலை வை. நின்னதும் இன்னொரு கையைத் தூக்கு,” என்றார்.

வைத்தேன். தகடு நடுங்கிக்கொண்டிருந்தது. காதுக்கு அந்தச் சத்தம் உடனே அடங்கிப்போனது. விரலுக்கு அடங்கவில்லை. மெலிந்து மெலிந்து, எங்கோ தூரத்துத் தெருவில் ஒருவர் நடந்து போவது போல் ஆகி, பிறகு அந்த நடையும் தேய்ந்து, தகடு வெறும் தகடானது. கையைத் தூக்கினேன்.

தகட்டில் இருந்து ஒரு கம்பி மேசைமேல் இருந்த பெட்டிக்குப் போனது. அதன் திரையில் பச்சைக் கோடு ஒன்று அப்போதுதான் நேராகிக்கொண்டிருந்தது. அக்கா திரையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

“அம்மா, இவ கை எனக்கு வேணும்.”

கூடத்து ஊஞ்சலில் இருந்து அக்காவின் அம்மா ஜெயலக்ஷ்மி மாமி சொன்னார்: “கை மட்டும் தனியா வராதுடி. அவளையும் சேர்த்துக் கூப்பிடு.”

அப்படித்தான் நான் அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவும் அவர்கள் தெருவும் முதுகோடு முதுகு ஒட்டியவை. கருட சேவை முடிந்து ஒரு வாரம் இருக்கும்.

என் விரல்கள் செய்த வேலை வேறு. தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு ஒன்று தீர்ந்ததும் அதன் நுனிகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, சாம்பல் தொட்டு முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்றைத் தவறவிட்டாலும் புடவை முழுக்க ஒரு கோடு விழும். பேச்சுத் தேவையில்லாத வேலை அது. அதனால்தான் எனக்குப் பிடித்திருந்தது.

அக்காவுக்கு ஏன் என் கை தேவைப்பட்டது என்பதை இரண்டு நாளில் தெரிந்துகொண்டேன். அவர் சென்னையில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தார். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தார், எட்டாம் மாதம். ஆராய்ச்சியில் கடைசியாக ஒரு பரிசோதனை பாக்கி, அதற்குப் புதிதாக ஒரு தகடு செய்ய வேண்டும். இந்த மாதக் கடைசிக்குள் அவருக்கு வழிகாட்டும் சார் பார்த்துக் கையெழுத்துப் போடாவிட்டால் பதிவு காலாவதியாகிவிடும். ஐந்து வருட வேலை போய்விடும். குழந்தை பிறந்த பிறகு மறுபடி முதலில் இருந்து தொடங்க யாரும் விடமாட்டார்கள் என்று அவரே சொன்னார். அதனால் பெட்டிகளை எல்லாம் ஒரு வேனில் ஏற்றிக் காஞ்சிபுரத்துக்கே கொண்டுவந்துவிட்டார். ஆனால் தகடு செய்யும் பிசினின் நெடி வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமி அதையே நாளுக்குப் பத்துமுறை சொன்னார்.

விமானத்துக்கும் செயற்கைக்கோளுக்கும் உடம்பு செய்வது எப்படி என்று அக்கா எனக்குச் சொன்னார். கண்ணாடியை இழையாக இழுத்து, அந்த இழையில் துணி நெய்வார்கள். துணியை அடுக்கடுக்காக அச்சின்மேல் போட்டு, பிசினில் ஊறவைத்து, வளைவாக இறுக விடுவார்கள். எடை கிடையாது, வலு உண்டு. ஒரு குறைதான்: நடுங்க ஆரம்பித்தால் லேசில் நிற்காது. நடுங்கி நடுங்கியே ஒருநாள் விரிசல் விட்டுவிடும்.

அதை நிறுத்துவதற்குத்தான் அந்த வில்லைகள். பிஸ்கட் நிறத்தில், நகத்தைவிட மெல்லியதாக, பஞ்சுக்குள் பொதிந்து வைத்திருந்தார். பீசோ என்று பெயர். வளைத்தால் அதற்குள் மின்சாரம் சுரக்கும். மின்சாரம் கொடுத்தால் அது தானே நீளும், சுருங்கும். தகட்டில் ஒட்டிவிட்டால் ஒரு வில்லை நடுக்கத்தைக் கேட்டுச் சொல்லும், இன்னொரு வில்லை எதிர்ப்பக்கம் இழுத்து நடுக்கத்தை அடக்கும்.

“நடுங்கறதைப் பிடிச்சு அமுக்கிப் பிரயோஜனமில்லை தில்லை. அதோட நடையைத் தெரிஞ்சுக்கணும். அப்புறம் எதிர்நடை போடணும்,” என்று சொல்லிவிட்டு ஊஞ்சலைக் காட்டினார். “அம்மா ஆடிண்டிருக்கா. என் பக்கம் வரச்சே எதிர்ல மெதுவாத் தள்ளினா நின்னுடும். விலகிப் போறச்சே தள்ளினா?”

“இன்னும் ஆடும்,” என்றேன்.

அந்த வீட்டில் நான் பேசிய முதல் வார்த்தை அதுவாக இருக்கும். மாமி ஊஞ்சலைக் காலால் நிறுத்திவிட்டு, “பேசறதே இந்தப் பொண்ணு,” என்றார். “என்னை வெச்சு ஆராய்ச்சி பண்ணாம இருந்தா சரி.”

எனக்குக் கனவுகள் வர ஆரம்பித்தன. வெள்ளைத் துணி ஒன்று தெருவின் நீளத்துக்குக் காற்றில் மிதக்கும். நான் அதன்மேல் விரலை வைப்பேன். அது என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டே அடங்கும். காலையில் எழுந்து அதை நோட்டில் எழுதிவைப்பேன். நான் நோட்டு வைத்திருப்பது யாருக்கும் தெரியாது. தறிக்குழியின் பக்கச் சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்த இடம், அதற்குள் வைத்திருந்தேன். அப்பா நாள் முழுக்கக் குழிக்குள் கால் வைத்து நெய்கிறவர்தான். அவர் கண்ணிலும் பட்டதில்லை.

கண்ணாடித் துணியை முதலில் தொட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. பட்டைவிட வழுக்கியது. வெயிலில் பிடித்தால் தண்ணீரையே நூலாகத் திரித்தது போல் இருந்தது. தொட்ட கை மட்டும் அன்று முழுக்க அரித்தது. அக்கா கையுறை போடச் சொன்னார், போட்டால் இழை தெரியவில்லை. கழற்றிவிட்டேன்.

தகடு செய்கிற அன்று காலை அக்காவும் மாமியும் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தார்கள். பின்கட்டு அறை மேசையில் எட்டுத் துண்டுகள் அடுக்கியிருந்தன. ஓரத்தில் பேனாவால் ஒன்று முதல் எட்டு வரை எண்கள். முந்தின நாள் அக்காவே வெட்டிவைத்தது. வரிசை மாறாமல் போட வேண்டும் என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார்.

ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஆறு துண்டுகள் சரியாக இருந்தன. இரண்டாவதும் ஏழாவதும் கோணல். இழைக்குக் குறுக்கே மூலைவாட்டில் வெட்டியிருந்தது. நாலு பக்கமும் நூல் பிரிந்து, இழுத்தால் துணியே ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

எங்கள் வீட்டில் துணி வெட்ட ஒரே வழிதான். ஓர் இழையை ஊசியால் தூக்கி, முழுவதுமாக உருவி எடுப்போம். உருவிய இடத்தில் நூல் அகலத்துக்கு ஒரு பாதை தெரியும். கத்தரி அந்தப் பாதையில் போகும். இழை பிடிக்காமல் வெட்டிய துணியை அப்பா கையால் தொட மாட்டார். கோணல் துணி சுமந்தவன் தோளையும் கோணலாக்கும் என்று திட்டுவார்.

அக்கா வயிற்றோடு குனிய முடியாமல் வெட்டியிருப்பார் என்று நினைத்தேன். சொன்னால் வெட்கப்படுவார். தப்பை இன்னொருவர் சுட்டிக்காட்டும்போது முகம் எப்படிச் சூடாகும் என்று எனக்குத் தெரியும். வகுப்பில் அப்படிச் சூடான முகத்தோடுதான் நான் வீட்டுக்கு வந்தேன், திரும்பப் போகவில்லை. அந்தச் சூட்டை அக்காவுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சுருளில் மிச்சத் துணி இருந்தது. இழை உருவி, இரண்டு துண்டு நேராக வெட்டினேன். ஓரத்தில் 2 என்றும் 7 என்றும் அக்காவின் கையெழுத்து மாதிரியே எழுதினேன். கோணல் துண்டுகளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பிற்பகல் வேலை தொடங்கியது. பிசின் என்பது இரண்டு திரவங்கள். கலந்தால் தேன் மாதிரி ஆகும், நாற்பது நிமிடத்தில் இறுகத் தொடங்கும். அக்கா முற்றத்தில் நாற்காலி போட்டு, மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கேட்டார்.

“ஒண்ணு போட்டாச்சா?”

கையைத் தூக்கிக் காட்டினேன்.

“காத்துக் குமிழ் இல்லாமத் தடவு. நடுவுல இருந்து ஓரத்துக்கு. ரெண்டு?”

கையைத் தூக்கினேன்.

துணி பிசினைக் குடித்ததும் வெள்ளை நிறம் மறைந்தது. கண்ணெதிரே ஒவ்வொரு துணியாகக் காணாமல் போய், கீழே இருந்த அச்சின் வளைவு மட்டும் தெரிந்தது. எட்டையும் போட்டு முடித்தபோது அங்கே எதுவும் இல்லாதது போலவும், ஆனால் விரலுக்கு மட்டும் ஏதோ இருப்பது போலவும் இருந்தது. அன்று நோட்டில் எழுதினேன்: ‘எட்டுத் துணியும் போட்டேன். இரண்டும் ஏழும் கோணலாக வெட்டியிருந்தது. இழை உருவி நேராக வெட்டிப் போட்டேன். அக்காவுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். ஒரு குமிழ்கூட இல்லை.’

எனக்குப் பெருமையாக இருந்தது.

தகட்டை அச்சில் இருந்து எடுத்து ஓரம் வெட்டினோம். அதன் ஒரு பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொள்ளக் கனமான அடி வேண்டும் என்று அக்கா சொன்னார். வீட்டில் அவ்வளவு கனம் அம்மிக்கல்லுக்குத்தான் இருந்தது. இரும்புப் பட்டை வைத்துத் தகட்டை அதோடு முடுக்கினோம்.

“மிக்ஸி வந்தப்புறம் அதுக்கு வேலையில்லைன்னு இருந்தேன். இப்போ ராக்கெட் அரைக்கறது,” என்றார் மாமி.

வில்லைகளை நான்தான் ஒட்டினேன். அக்கா பென்சிலால் கோடு போட்டிருந்தார். கோடு சாய்வாக இருந்தது. சாய்வாகவே ஒட்டினேன். முடியைவிட மெல்லிய கம்பிகளை வில்லையில் பற்றவைத்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

கம்பியைப் பெட்டியில் செருகியதும் யாரும் தகட்டைத் தொடாமலே திரையில் கோடு துள்ளியது. அக்காவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இரண்டு துள்ளல், ஓர் இடைவெளி, மறுபடி இரண்டு. பின் தெருவில் என் அப்பா நெய்துகொண்டிருந்தார். சுவர், மண், அம்மிக்கல் எல்லாவற்றையும் கடந்து அவருடைய தறி வந்து வில்லைக்குள் தட்டிக்கொண்டிருந்தது.

“எங்கப்பா,” என்றேன் திரையைக் காட்டி.

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “சாப்பிட எப்போ எழுந்திருப்பார்?” என்று கேட்டார். “அப்போதான் நம்மால அளக்க முடியும்.”

அதன்பின் அப்பா சாப்பிடப் போகும் ஒரு மணி முதல் இரண்டு மணி வரைதான் எங்களுக்கு வேலை.

அக்காவின் கம்ப்யூட்டர் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தது. தகடு இரண்டு விதமாக ஆடும். ஒன்று, மேலும் கீழும் அசைவது. மற்றொன்று, ஈரத்துணி பிழிவது போல் முறுக்கிக்கொள்வது. முறுக்கு விநாடிக்கு ஐம்பத்தெட்டு முறை வரும் என்றது கணக்கு. அந்த ஐம்பத்தெட்டுக்கு ஏற்றாற்போல் எதிர்நடை போட்டு வைத்திருந்தார்.

தகட்டின் கீழே சின்ன ஸ்பீக்கரை வைத்து அதை நடுங்கவிட்டோம். நான் விரலை வைத்தேன். முறுக்கு வந்தபோது ஓரங்கள் இரண்டும் மாறி மாறி எழுந்தன. நடுவில் ஒரு கோடு மட்டும் அசையவே இல்லை. அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டியபோது, கூட்டத்துக்கு நடுவே யாரும் இடிக்காத ஒரு சந்து வழியாகப் போவது போல் இருந்தது.

“ஓடவிடறேன்,” என்று அக்கா சுவிட்சைப் போட்டார்.

நடுக்கம் நிற்கவில்லை. விரலைச் சுட்டது போல் அதிகமானது. அக்கா சட்டென்று அணைத்தார்.

முறுக்கு ஐம்பத்தெட்டில் இல்லை. நாற்பத்தொன்பதில் இருந்தது. விலகிப் போகும்போது தள்ளிய ஊஞ்சல் மாதிரி எங்கள் எதிர்நடை அதை இன்னும் ஆட்டிவிட்டிருந்தது.

எதிர்நடையை நாற்பத்தொன்பதுக்கு மாற்றிவிட்டால் போதாதா என்று மாமி கேட்டார். மாமிக்கு விஷயம் இவ்வளவு தெரிந்திருந்தது எனக்கே ஆச்சரியம்.

“நிக்கும்மா. யார் வேணாலும் திருகித் திருகி நிறுத்தலாம். என் தீசிஸ் அது இல்லை. தகடு எப்படி நடுங்கும்னு செய்யறதுக்கு முன்னாலேயே என் கணக்கு சொல்லணும். அதுதான் அஞ்சு வருஷம். தப்பாச் சொல்லறதுன்னா அஞ்சு வருஷமும் தப்பு.”

மூன்று நாள் அவர் கணக்கைத் தேடிக்கொண்டிருந்தார். தாள்களைக் கூடம் முழுக்கப் பரப்பி, அவற்றின் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். கால் வீங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை சார் வருவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை பிற்பகல், தன்னோடு தானே பேசுவது போல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

“முறுக்கறச்சே தகடு மூலைவாட்டுலதான் இழுபடும். அந்த இழுப்பைத் தாங்கத்தான் ரெண்டாவதையும் ஏழாவதையும் மூலைவாட்டுல வெட்டினேன். அந்த ரெண்டு துணி பிடிச்சுண்டா ஐம்பத்தெட்டு வந்தே ஆகணும். அந்த ரெண்டும் உள்ளே இல்லாத மாதிரின்னா இது முறுக்கறது.”

நான் வில்லைப் பெட்டியின் பஞ்சைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கை அப்படியே நின்றது.

சொல்ல வாய் எடுத்தேன். வார்த்தை வரவில்லை. வகுப்பில் எழுந்து நின்றதும் பாஷையே மறந்துபோகுமே, அது போல. அக்கா தாளில் இருந்து நிமிரவில்லை.

“விட்டுடு ஸுபா,” என்றார் மாமி ஊஞ்சலில் இருந்து. “உடம்பை மட்டும் பாரு.”

“சரி. சாயந்திரம் சாருக்குப் போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிடறேன்.”

நான் எழுந்து வீட்டுக்கு ஓடினேன். அம்மா வாசலில் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தாள். “இன்னா தில்ல, பேய் கண்ட மாதிரி வர்ற. சோறு இருக்குது, துன்னுட்டுப் போ.” நான் நிற்கவில்லை. அப்பா தறியில் இருந்தார். “யப்பா, கொஞ்சம் எழுந்திரு,” என்றேன். அவர் எழுந்தார். குழிக்குள் இறங்கி, அவர் பார்க்கப் பார்க்கவே செங்கல் பொந்தில் கை விட்டு நோட்டை எடுத்தேன். மடித்துவைத்த இரண்டு கோணல் துண்டுகளும் அதற்குள் இருந்தன.

“இன்னாம்மா அது?” என்றார்.

“ஒண்ணுமில்லபா.”

கூடத்தில் தாள்களுக்கு நடுவே நோட்டைத் திறந்து வைத்தேன். துண்டுகளை மேலே வைத்தேன். அக்கா முதலில் துணியைத்தான் எடுத்தார். ஓரத்தில் தன் எழுத்தில் 2 இருந்தது. பிறகு பக்கத்தைப் படித்தார். மூன்று வரிதான், இரண்டு முறை படித்தார்.

“என்னை மூணு நாளா நானே திட்டிண்டிருந்தேன். நீ பக்கத்துல உட்கார்ந்து பஞ்சு பிச்சிண்டிருந்தே.”

“இப்பதான் தெரிஞ்சிச்சு அக்கா.”

“கோணலா இருக்கேன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ஒரே ஒரு வார்த்தை. உன் வாய்க்கு என்னடி?”

நான் குனிந்து, கலைந்திருந்த தாள்களை அடுக்கப் போனேன்.

“போ. ஆத்துக்குப் போ.”

நோட்டு அங்கேயே இருந்தது. கேட்டு வாங்கத் தைரியம் இல்லை. அதன் மற்ற பக்கங்களில் என் கனவுகளும், மாமியின் ஊஞ்சலும், அக்கா தூங்கும்போது வயிற்றின்மேல் வெயில் நகர்வதும் எழுதியிருந்தன. இரவு முழுக்க என் உடம்பு யாரோ சுண்டிவிட்ட தகடு போல் இருந்தது.

புதன்கிழமை காலை எங்கள் வாசலில் மாமி நின்றார். அந்தத் தெருவுக்கு அவர் வந்து நான் பார்த்ததில்லை.

“தேவகி, உன் பொண்ணை அனுப்பு. ஸுபா ராத்திரி பூரா அந்த மிஷினோட பேசிண்டிருந்தா. இப்போ சிரிச்சுண்டு உட்கார்ந்திருக்கா. எனக்குப் பயமா இருக்கு.”

நான் போனபோது அக்கா சிரிக்கவில்லை, ஆனால் முகம் வேறாக இருந்தது. சாருக்குப் போன் பண்ணவில்லை. கணக்கில் இரண்டே இரண்டு எண்களை மாற்றியிருந்தார். இரண்டாவது துணி நேர். ஏழாவது துணி நேர். அந்தப் பழைய கம்ப்யூட்டர் முக்கால் மணி நேரம் யோசித்து, திரையில் ஓர் எண்ணைக் காட்டியிருந்தது. நாற்பத்தொன்பது புள்ளி மூன்று.

“நீ என்ன போட்டியோ அதை அப்படியே சொல்லறது பார்,” என்றார். “பொய் சொன்னது நாம, கணக்கு இல்லை.”

என்னைத் திட்டியதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். மற்ற பக்கங்களைப் படித்தாரா என்று நான் கேட்கவில்லை.

ஒரு மணிக்குப் பின் தெருவில் தறி நின்றது. புதிய கணக்கு சொன்ன எதிர்நடையை ஏற்றி, தகட்டை நடுங்கவிட்டோம். நான் ஓரத்தில் விரலை வைத்தேன். அக்கா சுவிட்சைப் போட்டார்.

அடங்கியது என்று எழுதினால் சரியாக இருக்காது. அடங்குவதற்கு ஒரு நேரம் பிடிக்கும். இது அப்படி இல்லை. நடுக்கம் இருந்த இடத்தில், அது புறப்படும் முன்பே யாரோ அதன் பெயரைச் சொல்லி மெல்ல உட்காரவைத்தது போல் இருந்தது. ஸ்பீக்கர் கீழே முனகிக்கொண்டேதான் இருந்தது. தகடு மட்டும் அதைக் கேட்கவில்லை. என் விரலுக்குக் கீழே வெயில் பட்ட கல்லின் அமைதி. மாமி ஊஞ்சலை நிறுத்தியிருந்தார்.

வெள்ளிக்கிழமை தேவசகாயம் சார் வந்தார். ஒல்லி, நரைத்த தலை, சட்டைப் பையில் நாலு பென்சில். வாய் திறக்காத மனிதர் என்று அக்கா சொல்லியிருந்தார். மாமி கொடுத்த காபியைக் குடித்தார், அம்மிக்கல்லைப் பார்த்தார். தகட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு தானே சுவிட்சைப் போட்டார், அணைத்தார், போட்டார். பிறகு அக்காவின் பழைய திட்டத்தையும் புதிய கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பென்சிலால் இரண்டு இடத்தில் வட்டம் போட்டார்.

நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அக்கா என்ன சொல்வார் என்று தெரியவில்லை. தானே திட்டத்தை மாற்றியதாகச் சொல்லலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

“அது நான் மாத்தினது இல்லை சார்,” என்றார் அக்கா. “துணியைப் போட்டது பின் தெருப் பொண்ணு. நெசவுக்காரா. மூலைவாட்டுல வெட்டினதை என் தப்புன்னு நினைச்சு நேரா வெட்டிப் போட்டுட்டா. நான் சரிபார்க்கலை. எதிர்பார்த்த நம்பர் வராததுக்கு அதுதான் காரணம்.”

சார் பென்சிலைக் கீழே வைத்தார். “நம்பர் வரலேன்னதும் துணி நேரா இருந்ததுன்னு சொல்றது சுலபம்,” என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. “எனக்கு எப்படித் தெரியும்?”

அக்காவின் முகம் சூடாவதைப் பார்த்தேன்.

“ஓரம் வெட்டின துண்டு இருக்கா?”

இருந்தது. விரல் அகலம், முழ நீளம். எரித்தால் பிசின் போய்விடும், கண்ணாடித் துணி அப்படியே நிற்கும் என்றார். சமையலறை அடுப்பைத் தர மாட்டேன் என்று மாமி சொல்லிவிட்டதால் பின்கட்டு வெந்நீர் அடுப்பில் தணலைக் கிளறி, பழைய தட்டில் அந்தத் துண்டை வைத்தார்கள். முதலில் கருகிப் புகைந்தது. அக்காவை மாமி முன்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். அரை மணியில் கறுப்பும் போனது. தட்டில் வெள்ளை மட்டும் கிடந்தது, ஊதினால் பறக்கும் போல.

ஆறியதும் சார் பென்சில் முனையால் அடுக்கைப் பிரிக்கப் பார்த்தார். அது பொடிந்தது. இன்னொரு முறை முயன்றார், மறுபடி பொடிந்தது. எட்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் அதற்கப்புறம் எதையும் காட்ட முடியாது.

என் கால்கள் தாமாகவே வந்தன. அடுப்படியில் உட்கார்ந்து, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டேன். மேலே இருந்த முதல் துணியை இழை இழையாகத் தூக்கி ஓரமாக வைத்தேன். அடுத்தது இரண்டாவது. கண்ணாடி செத்துப்போய் வலு இழந்திருந்தது, ஆனால் நெசவு கலையவில்லை. நீள இழைகள் துண்டின் கடைசி வரை நேராக ஓடின. எதுவும் ஓரத்தில் மூலைவாட்டில் முடியவில்லை.

“ரெண்டு,” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

சார் குனிந்து பார்த்தார். எட்டையும் பிரித்து வரிசையாக வைத்தேன். ஏழாவதும் நேர்.

“ஏன் நேராக்கின?” என்று கேட்டார்.

“கோணலா இருந்துச்சு சார். அக்காவுக்கு வெட்டத் தெரியலன்னு நெனச்சேன். சொன்னா சங்கடப்படுவாங்கன்னு சொல்லல.”

“எங்கேயாவது எழுதி வெச்சியா?”

நோட்டு என் தாவணிக்குள் இடுப்பில் இருந்தது. எடுத்து அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து, மற்ற பக்கங்களை விரலால் மூடிப் பிடித்துக் காட்டினேன். அவர் நோட்டை வாங்கவில்லை. என் கையில் இருந்தபடியே படித்தார். பிறகு கூடத்துக்குப் போய்த் தரையிலேயே உட்கார்ந்து, தன் பையில் இருந்து ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் எதிரே உட்கார்ந்து நோட்டைப் பிடித்துக்கொண்டேன்.

என் மூன்று வரிகளையும் அவர் பார்த்துப் பார்த்து எழுதினார். ‘இழை உருவி நேராக வெட்டிப் போட்டேன்’ என்பதை என் எழுத்தின் சாய்வோடு சேர்த்தே எழுதியது போல் இருந்தது. ‘தெரியவும் வேண்டாம்’ என்பதையும் விடவில்லை. ‘ஒரு குமிழ்கூட இல்லை’ என்று எழுதியபோது பென்சில் ஒரு கணம் நின்று, பிறகு நகர்ந்தது. அடியில் தேதி போட்டார். தாளை என் பக்கம் திருப்பி, பென்சிலை நீட்டினார். மு. தில்லையம்மாள் என்று எழுதினேன்.

ஊஞ்சல் பலகையில் அக்காவின் பிஎச்.டி. படிவம் இருந்தது. சார் எழுந்து போய், பேனாவை எடுத்து, கையெழுத்துப் போடும் இடத்தில் கையெழுத்துப் போட்டார். என் தாளை அதோடு வைத்து மடிப்பு விழாமல் அக்காவின் கையில் கொடுத்தார்.

அக்கா இரண்டு தாள்களையும் ஓரம் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மாமி இன்னொரு காபி கொண்டுவந்து வாசற்படியில் நின்றார். பின் தெருவில் தறி மறுபடி தொடங்கியிருந்தது.

சார் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.